விரல்கள் தளர்ந்தபோது

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது பழமொழி. மாணவியராக இருந்த நாளில் இதைக் கட்டுரை நோட்டில் எத்தனையோ முறை நாங்கள் எழுதியிருக்கின்றோம். ஆசிரியைகளான பின் எத்தனையோ மாணவியரை எழுத வைத்தும் இருக்கின்றோம். ஆனால் காற்று நின்றுபோன பின் களத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அப்பழமொழி சொல்லவில்லை. நாங்களும் அன்று கேட்கவில்லை. இன்று கேட்கின்றோம். கேட்டதற்குக் கிடைத்த விடையை ஆண்டு மலரில் எழுதித் தருமாறு தலைமை ஆசிரியை அருட்சகோதரி அன்புடன் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் நால்வர். நால்வரும் இப்பள்ளியிலேயே படித்து, வெளியே சென்று பயிற்சி பெற்று, மீண்டும் இப்பள்ளிக்கே ஆசிரியைகளாக வந்தவர்கள். ஒருவர் தையல் ஆசிரியை, ஒருவர் விளையாட்டு ஆசிரியை, ஒருவர் தமிழாசிரியை, ஒருவர் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்ற பின்னும் முதற்சனிக்கிழமைத் திருப்பலிக்குப் பள்ளிச் சிற்றாலயத்துக்கு வந்து, பின்னர் வேப்பமரத்தடித் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது எங்கள் வழக்கம். எங்கள் நால்வரின் வயதையும் கூட்டினால் 278 வருகின்றது என்று கணக்கு ஆசிரியை மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். அந்த ஆற்றல் மட்டும் எங்களுள் ஒருவருக்கு இன்னும் குறையவில்லை!

பொழுதுபோக்கு என்ற சொல் எங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வீட்டு வேலை, பள்ளி வேலை, பிள்ளைகள், விடைத்தாள் என்று பொழுது எங்களுக்குப் போதாமலே இருந்தது. அந்தப் போதாத பொழுதிலும் ஒரு மணி நேரத்தைத் திருடி நாங்கள் ஆசையோடு செய்துவந்த சில காரியங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகின்றோம்.

விளையாட்டு ஆசிரியைக்கு வளையப்பந்து. மாலை மணி அடித்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினால், 21 புள்ளி எடுக்காமல் திரும்பமாட்டார். ரப்பர் வளையத்தை ஒரே கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே எறிய வேண்டும் என்பது ஆட்டவிதி. அவர் பிடிப்பதைப் பார்க்கவே பெண்கள் வலையைச் சுற்றி நிற்பார்கள். தமிழாசிரியைக்குப் பாட்டு. கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் அவர் குரல் உச்சத்துக்குப் போகும்போது, தூங்கி விழுந்துகொண்டிருந்த குழந்தைகளும் விழித்துவிடும் என்று பங்குத் தந்தை ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கணக்கு ஆசிரியைக்கு ரோஜாச் செடிகளும் கிறிஸ்துமஸ் குடிலும். நவம்பர் பிறந்தால் காகிதத்தைப் பசையில் நனைத்து மலை செய்யத் தொடங்கிவிடுவார். தையல் ஆசிரியைக்கு லேஸ் பின்னல். எங்களுள் மூத்தவர் அவரே. வயது 72.

லேஸ் பின்னல் நம் குமரி மாவட்டத்துக்கு நேற்று வந்த கலை அன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் என்ற மிஷனெரி இப்பகுதிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். 1897ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர், ஆதரவற்ற சிறுமியரை அரவணைத்துத் தம் பணியைத் தொடங்கினார். அங்கும் ஊசியும் நூலும் பெண்களுக்குச் சோறு போட்டன. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பாட்டியிடமிருந்துதான் எங்கள் தையல் ஆசிரியை தம் எட்டாவது வயதில் கொக்கி ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் பின்னிய லேஸ் நம் சிற்றாலயத்துப் பீடத் துணிகளின் விளிம்பில் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருப்பதை இதைப் படிப்போர் யாவரும் அறிவர்.

முதுமை ஒரே நாளில் வருவதில்லை. கதவைத் தட்டிவிட்டும் வருவதில்லை. வீட்டுக்குள் வந்து நெடுநாள் இருந்துவிட்டு, ஒருநாள் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்கின்றது. முதலில் அது எங்கள் கண்களில் வந்து அமர்ந்தது. நாற்பது வயதுக்கு மேல் கண்ணிலுள்ள வில்லை மெல்ல மெல்ல இறுகிவிடுகின்றது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது வளைந்து கொடுப்பதில்லை. அதைத்தான் நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். ஊசிக் காதைத் தேடி நூலோடு நாங்கள் கையை நீட்டிக்கொண்டே போனோம். கை நீளம் போதாமற்போன அன்று கண்ணாடி வாங்கினோம்.

அடுத்து மூட்டுகள். முழங்காலில் எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோவதால் வலியும் இறுக்கமும் உண்டாகின்றன என்று மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். விளையாட்டு ஆசிரியை அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இத்தனை ஆண்டு குதித்ததற்கு இதுவாவது பாக்கி இருக்கிறதே!" என்றார். ஆனால் அன்று மாலை களத்துப் பக்கம் அவர் வரவில்லை. தமிழாசிரியையின் குரல் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கிவந்தது. வயதாக ஆகப் பெண்களின் குரல் சற்றுத் தடித்துத் தாழ்வது இயல்பே. அது இயல்பு என்று தெரிந்திருந்தும், உச்சத்தில் குரல் உடைந்த அந்தக் கிறிஸ்துமஸ் இரவை அவர் இன்னும் மறக்கவில்லை. கணக்கு ஆசிரியை நட்சத்திரம் கட்ட முக்காலியின்மேல் ஏறி, தலை சுற்றிக் கீழே விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கிறிஸ்துமஸ் கொண்டாடினார்.

இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி பிறந்தது. ரோஜாத் தொட்டிகள் தரையை விட்டுத் திண்ணைச் சுவரின்மேல் ஏறின. குனியாமலே களை எடுக்கலாம், நீர் ஊற்றலாம். முன்பு முப்பது தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒன்பது தொட்டிகள் மட்டுமே உள்ளன. நட்சத்திரத்தைப் பேரன் கட்டுகிறான். குடில் இப்போது தரையில் இல்லை, மேசைமேல். தமிழாசிரியை உச்சத்தை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, பாடற்குழுவின் பின்வரிசையில் தாழ்ந்த சுருதியில் இரண்டாம் குரல் பாடுகின்றார். "மேலே போகிற பாட்டைக் கீழே நின்று தாங்குவதும் ஒரு வேலைதான்" என்கிறார். விளையாட்டு ஆசிரியை களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் விசிலோடு நடுவராக அமர்கின்றார். ஆடுகிறவர்களைவிட அவர் சத்தம்தான் அதிகம் என்பது மாணவியரின் புகார்.

லேஸ் மட்டும் வழிக்கு வரவில்லை. எங்கள் மூத்தவருக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். அவரும் சும்மா இருந்துவிடவில்லை. வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிய மடியில் கறுப்புத் துணியை விரித்துக்கொண்டார். மெல்லிய கொக்கி ஊசியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கிக்கொண்டார். வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டுப் பின்னினார். இருபது நிமிடம் பின்னி இருபது நிமிடம் ஓய்ந்தார். லேஸ் நூலில் எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும் என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரியும். 40ஆம் எண் நூலிலிருந்து 20க்கு இறங்கினார். 20லிருந்து 10க்கும் வந்தார். 10ஆம் எண் நூலில் புத்தகக் குறிப்பான்களும் குழந்தைத் தொப்பிகளும் வந்தன. பீடத் துணிக்குரிய மெல்லிய லேஸ் வரவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். பெற்றோரும் படிக்கும் மலர் அல்லவா? ஆயினும் உண்மையை விட்டுவிட்டு எழுதினால் இக்கட்டுரைக்குப் பயன் இல்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அன்னை மரியாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8ஆம் நாளுக்குப் புதிய பீடத் துணி வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். வழக்கம்போல் மூத்தவர் ஏற்றுக்கொண்டார். நான்கு கஜம் லேஸ் வேண்டும். ஜூலை முடியும்போது ஒரு சாண்கூட முடியவில்லை. பகலில் பின்னியதை இரவில் பார்த்தால் கண்ணி விட்டுப்போயிருக்கும். பிரித்துவிட்டு மறுபடி பின்னுவார். அதுவும் பிரிக்கப்படும். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆகஸ்ட் முதற்சனிக்கிழமையன்று எங்களில் ஒருவர் அவருடைய பையை எடுத்துக் கொடுக்கப்போக, உள்ளே பிரித்துப் பிரித்து அழுக்கேறிப்போன நூலைக் கண்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த ஒரு வருஷம் மட்டும் எப்படியாவது முடித்துவிட்டால் போதும். அதற்கப்புறம் நானே நிறுத்திவிடுகிறேன்" என்றார்.

அன்பு என்பது எப்போதும் அறிவோடு வருவதில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நாங்கள் நால்வரும் சேர்ந்தே அந்தக் காரியத்தைச் செய்தோம். நகரத்துக் கடையில் இயந்திரத்தில் நெய்த லேஸ் நான்கு கஜம் வாங்கினோம். பார்க்கக் கைவேலை போலவே இருந்தது. துணியில் வைத்துத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, விழாவுக்கு முந்தின மாலை சிற்றாலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

விழா சிறப்பாக நடந்தது. திருப்பலி முடிவில் நன்றி கூறும்போது, இந்த வயதிலும் இப்படி ஒரு லேஸ் பின்னிய கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக என்று சொல்லிக் கைதட்டச் செய்தார்கள். அறுநூறு கைகள் தட்டின. நாங்கள் நால்வரும் தலை குனிந்து நின்றோம். பணிவு என்று எல்லாரும் எண்ணியிருப்பார்கள். அன்று பகல் விருந்தில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பிற்பகல் சிற்றாலயத்தில் பூச்சாடிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூத்தவரின் அருகில் வந்து நின்றாள். கைவேலை வகுப்பில் ஆர்வம் உள்ள பெண். பீடத் துணியின் மூலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மிக மெதுவாக, "டீச்சர், நீங்கள் பின்னினால் மூலையில் லேஸ் தானாகவே திரும்பும். இதில் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறதே?" என்று கேட்டாள்.

கையால் பின்னுகிறவர் மூலை வந்ததும் கண்ணிகளைக் கூட்டி, விசிறிபோல் விரித்து, லேஸை முறியாமல் திருப்பிக்கொண்டு போவார். கடையில் வாங்கிய லேஸ் நேராக மட்டுமே ஓடும். மூலையில் அதை வெட்டித்தான் இணைக்க வேண்டும். அறுநூறு கண்கள் காணாததை இரண்டு கண்கள் கண்டுவிட்டன. அப்பெண் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எங்களைச் சுட்டது. மூத்தவர் அங்கேயே பெஞ்சில் அமர்ந்து அழுதுவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாளே நாங்கள் நால்வரும் சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "லேஸ் இருக்கட்டும். அது வெறும் நூல். பொய்யை மட்டும் பீடத்திலிருந்து எடுத்துவிடுவோம். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்களே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

எத்தனையோ ஆண்டுகள் அதே மேடையில் நின்று பேசியவர்கள் நாங்கள். அன்று படியேறக் கால் நடுங்கியது. மூத்தவரே பேசினார். "மக்களே, அந்த லேஸ் நான் பின்னியது இல்லை. என் கையால் இப்போது அவ்வளவு மெல்லிய வேலை முடியவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் கடையில் வாங்கி வைத்துவிட்டோம். முடியாமல் போனது தப்பு இல்லை. மறைத்ததுதான் தப்பு." அவ்வளவுதான். பேச்சு அரை நிமிடம்கூட இல்லை. கூட்டத்தில் சத்தமே இல்லை. பின்னர் வகுப்புகளுக்குப் போகும் வரிசையிலிருந்து சின்னஞ்சிறு பெண் ஒருத்தி ஓடிவந்து மூத்தவரின் கையைப் பிடித்துப் பார்த்து, "டீச்சர், ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். அத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவர் எவரும் இல்லை. நாங்களும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முதற்சனிக்கிழமையன்று சிஸ்டர் எங்கள் திண்ணைக்கு வந்து ஒரு சிற்றாலயத்தின் கதையைச் சொன்னார். பிரான்சு நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸ் (1869–1954) உலகப் புகழ் பெற்றவர். 1941ஆம் ஆண்டு வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தபின் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்ட அவரால் இயலவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்நாள் கழிந்தது. அவர் தூரிகைக்குப் பதிலாகக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, அவற்றை இலையாகவும் பூவாகவும் வெட்டினார். அவர் சொன்ன இடத்தில் உதவியாளர்கள் சுவரில் பொருத்தினார்கள். 1942இல் அவருக்குப் பணிவிடை செய்த இளம் செவிலி ஒருவர் பின்னர் தொமினிக்கன் சபையில் துறவியானார். வான்ஸ் என்ற ஊரில் அச்சகோதரிகளுக்கு ஒரு சிற்றாலயம் தேவைப்பட்டபோது, அவர் தம் பழைய நோயாளியை நாடினார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த அந்த முதியவர் வண்ணத் தாள்களை வெட்டியே கண்ணாடிச் சாளரங்களை வடிவமைத்தார். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டிச் சுவர்ச் சித்திரங்களை வரைந்து பார்த்தார். 1951இல் அச்செபமாலை அன்னை சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது.

கணக்கு ஆசிரியை தம் பங்குக்கு அமெரிக்கப் பாட்டி ஒருவரை அழைத்துவந்தார். ஆனா மேரி மோசஸ் 1860இல் பிறந்த உழவர் குடும்பப் பெண். கம்பளி நூலால் துணியில் காட்சிகளைத் தைத்துவந்தார். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்க முடியாமற்போகவே, தம் சகோதரி சொன்ன யோசனைப்படி தூரிகையைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1938இல் ஊர் மருந்துக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் வைத்திருந்த அவருடைய படங்களை ஓவியம் சேகரிக்கும் ஒருவர் கண்டு வாங்கினார். 1940இல் நியூயார்க் நகரில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1961இல் தம் 101ஆம் வயதில் மறையும்வரை அவர் வரைந்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளையாட்டு ஆசிரியை, "அவர்கள் பெரிய மனிதர்கள். ஒன்று போனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. எனக்கு வளையம் போனது, விசில் வந்தது. விசில் வளையம் ஆகுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதில் உண்மை இருந்தது. போனதற்கு ஈடாக எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுகின்றது என்று எழுதினால் அது இன்னொரு கடை லேஸ் ஆகிவிடும். சில ஆசைகள் போனால் போனவைதாம். அவற்றுக்காகச் சற்று அழுதுகொள்வதை ஆண்டவர் குறையாக எண்ணமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை.

ஆனால் சிஸ்டர் கதை சொல்ல மட்டும் வரவில்லை. "மத்தீஸ் கையால் செய்ய முடியாததை வாயால் சொல்லிச் செய்வித்தார். உங்கள் கை ஓய்ந்தது, வாய் ஓயவில்லையே!" என்றார். அப்படிப் பிறந்ததுதான் சனிக்கிழமை லேஸ் வகுப்பு. மூலையைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணோடு சேர்த்து ஆறு பேர் வந்தார்கள்.

வாயால் கற்றுக் கொடுப்பது எளிது என்று எண்ணினோம். அதுவே பெரும்பாடாயிற்று. பெண் ஒருத்தி கண்ணியைத் தவறவிட்டால், மூத்தவரின் கை தானாகவே ஊசியைப் பிடுங்கப் போகும். ஐந்து நிமிடம் பின்னிக் காட்டுவார். பிறகு அன்று முழுவதும் விரல் வீங்கிக் கிடக்கும். பெண்ணும் கற்றுக்கொண்டிருக்கமாட்டாள். ஆகவே ஒரு விதி செய்தோம். டீச்சர் கையில் செபமாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செபமாலை இருக்கும் கையால் ஊசியைப் பிடுங்க முடியாது அல்லவா? வேடிக்கையாகத் தொடங்கிய விதி, நாளடைவில் பெண்கள் பின்னப் பின்ன அவர் அவர்களுக்காகச் செபிக்கும் பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆறு பேரில் ஒருத்தி இடக்கைப் பழக்கம் உள்ளவள். தாம் பணியில் இருந்த நாளில் அப்படிப்பட்ட பிள்ளைகளை வலக்கைக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்தியதை மூத்தவர் மறைக்காமல் எங்களிடம் சொன்னார். அன்று அதுவே முறை என்று எண்ணினாராம். இப்போது தாம் பின்னிக் காட்டப் போவதில்லை ஆதலால் எந்தக் கையானால் என்ன? அந்தப் பெண்ணை வலக்கைக்காரி ஒருத்தியின் எதிரே அமர்த்தினார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரே பார்த்துப் பார்த்து, பத்தே நாளில் அவள் பின்னக் கற்றுக்கொண்டாள். "முப்பது வருஷம் எனக்குத் தெரியாமல் போனது, கை போனபிறகு தெரிந்தது" என்று மூத்தவர் சொன்னபோது அவர் கண் கலங்கியதா, கண்ணாடி மங்கியதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பீடத்தில் விரிந்த துணியின் லேஸ் அந்த ஆறு பேரும் பின்னியது. ஆறு கை, ஆறு விதம். ஒருத்தி இறுக்கிப் பின்னுவாள், ஒருத்தி தளர விடுவாள். இணைத்தபோது ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, ஈரத்தோடு பலகையில் இழுத்துப் பிடித்துத் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்தி உலர்த்தினோம். பெரும்பாலும் நேராயிற்று. முற்றிலும் நேராகவில்லை. முன்புறத்து இரண்டு மூலைகளையும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே பின்னினாள். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. மூலையில் லேஸ் விசிறிபோல் விரிந்து முறியாமல் திரும்புகின்றது. ஐயமிருப்போர் சிற்றாலயத்துக்குச் சென்று பார்த்துக்கொள்ளலாம்!

மூத்தவர் விழாவன்று மூலையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். இரண்டாவது மூலையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்ததை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. சொல்லவில்லை. "அது அவள் கையெழுத்து. இருக்கட்டும்" என்று எங்கள் காதில் மட்டும் சொன்னார்.

முதியோரைப் பற்றித் திருச்சபை மறந்துவிடவில்லை. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் பெருவிருப்பம் கொண்டிருந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உடல் தளர்ந்து அவற்றை விட்டுவிட்ட பின், 1999ஆம் ஆண்டு தம் 79ஆம் வயதில் முதியோருக்கென ஒரு மடல் வரைந்தார். தாமும் ஒரு முதியவராக நின்றே அதை எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, புனித சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரும் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். லூக்கா நற்செய்தியில் எண்பத்து நான்கு வயது அன்னா கோவிலை விட்டு அகலாமல் இருந்ததால்தான் குழந்தை இயேசுவைக் காணும் பேறு பெற்றார். அவருக்கு ஓடியாட முடிந்ததா என்று நற்செய்தி சொல்லவில்லை. அங்கே இருந்தார் என்று மட்டும் சொல்கின்றது. எங்களுக்கு அது போதுமானதாக இருக்கின்றது.

அன்பு மாணவியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். முன்பு கோலம் போட்டவராக, பாய் முடைந்தவராக, பலகாரம் சுட்டவராக, கதைப்புத்தகம் படித்தவராக இருந்திருப்பார். இப்போது அதைச் செய்வதில்லை என்றால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். "உங்களால் முடியாது, விடுங்கள்" என்று கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். "உங்களால் முடியும்" என்று வற்புறுத்தவும் செய்யாதீர்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். விளக்கை அருகில் கொண்டுவந்து வையுங்கள். பெரிய எழுத்துப் புத்தகம் தேடிக் கொடுங்கள்; இல்லையேல் அருகில் அமர்ந்து நான்கு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அதைவிட மேலாக, "எனக்குக் கற்றுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் கை சும்மா இருந்தாலும், கற்றது சும்மா இருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றோர் முடியவில்லை என்று சொல்லும்போது, அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சொன்ன பின்னும் எங்களுக்கு வீட்டில் ஓர் இடம் இருக்கின்றது என்று தெரிந்தால் மறைக்கமாட்டோம்.

காற்று நின்றுவிட்டது. களத்தில் இன்னும் நெல் இருக்கின்றது. முறத்தைப் பிடிக்க இளங்கைகள் வந்துவிட்டன. எப்படிப் புடைப்பது என்று அருகில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருக்கின்றோம். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் இருப்போம். ஊசியும் நூலும் நாங்கள் தருகின்றோம். வலக்கை, இடக்கை என்ற வேறுபாடு கிடையாது.

தொடங்கியவற்றையெல்லாம் முடிக்க முடியாமல் போனதற்காகவும், முடிப்பதற்கு உங்களைத் தந்ததற்காகவும் இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம். தேவ அன்னை உங்கள் யாவரையும் காப்பாராக!